படம் தப்பு, பொண்ணு சரி

புனே பக்கத்துச் சாகண் கார் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என்னை வாசலில் நிறுத்திவிட்டார்கள். அடையாள அட்டையில் இருக்கும் பெண் நான் இல்லையாம். காவலாளி அட்டையைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கிறார், மறுபடி அட்டையைப் பார்க்கிறார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. திருமங்கலத்தில் போட்டோ எடுத்த அண்ணன் நான் கேட்காமலேயே என்னை வெளுத்துவிட்டார். கேட்காமலேயே என்ன கேட்காமலேயே, நான்தான் “கொஞ்சம் பளிச்சுன்னு போடுங்கண்ணே” என்று சொன்னேன். அவர் கை தாராளம். அட்டையில் என் மூக்கும் என் பொட்டும் வைத்துக்கொண்டு வேறு யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. எனக்கு அழுகை வருகிற நிலை. அப்போது வரிசையிலிருந்து சாம்பல் நிறச் சீருடை போட்ட ஒருத்தி முன்னால் வந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நீடித்தது. காவலாளியிடம் மராத்தியில், “ஃபோட்டோ சுக்கீச்சா ஆஹே, முல்கீ பரோபர் ஆஹே” என்றாள். அவர் சிரித்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

“படம் தப்பு, பொண்ணு சரின்னு சொன்னேன். சல், நட,” என்று தமிழில் என்னிடம் சொன்னாள்.

“நான் தமிழ்னு எப்படித் தெரியும்?”

“அய்யய்யோன்னு வாயில வந்துச்சே. வேற யாரு அப்படிச் சொல்லுவா?”

அப்படித்தான் அக்கா எனக்குக் கிடைத்தாள். பெயரை எழுதவில்லை. எழுதினால் எங்கிருந்தாலும் போன் போட்டுத் திட்டுவாள். கம்பெனி அவளை வெளிநாட்டு ஆலைக்கு மாற்றி இரண்டு வருடம் ஆகிறது. நாலு வருடம் மூத்தவள், அவ்வளவுதான். ஆனால் அந்த வாசலில் வாய் தானாக அக்கா என்று கூப்பிட்டது, அதுவே நிலைத்துவிட்டது.

நான் கொள்முதல் பிரிவில் நாற்காலியைத் தேய்க்கிறவள். அக்கா பெயிண்ட் ஷாப்பில் நிறம் பார்க்கிறவள். கார் வரிசையில் வரும், அவள் சுற்றி வந்து பார்ப்பாள். கதவின் நிறமும் பானெட்டின் நிறமும் பொருந்துகிறதா, பம்பர் ஒட்டுகிறதா என்று கண்ணால் சொல்ல வேண்டும். சொல்வதற்கு மிஷின் உண்டு. மிஷின் சரி என்று சொன்ன பிறகும் அக்கா ஒரு முறை பார்ப்பாள். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர். இல்லையென்றால் ஹோல்டு என்று எழுதிய சிவப்பு ஸ்டிக்கர். சிவப்பு ஒட்டிய வண்டியை மேனேஜரே வந்து கெஞ்சினாலும் நகர்த்த முடியாது.

ஒரு முறை வெள்ளைக் கார்கள் ஒரு வரிசையையே நிறுத்திவிட்டாள். ஆலை முழுக்க அதே பேச்சு. வெள்ளையில் என்னம்மா வித்தியாசம் என்று பெரிய அதிகாரி கத்தினார். அக்கா ஒரு காரை வெளியே வெயிலில் தள்ளிக்கொண்டு வரச் சொன்னாள். டியூப் லைட்டில் ஒன்றாக இருந்த கதவும் பம்பரும் வெயிலில் அண்ணன் தம்பி சண்டை மாதிரி தனித்தனியாகத் தெரிந்தன. நான்கூட எங்கள் மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். கை தட்டலாம் போல இருந்தது.

“சூரியன் ஒத்துக்கணும். மத்தவங்க ஒத்துக்கிட்டா என்ன, ஒத்துக்காட்டி என்ன,” என்றாள், பஸ்ஸில் திரும்பும்போது.

கம்பெனி பஸ் புனேயில் கேம்ப் என்கிற பழைய ராணுவப் பகுதியிலிருந்து கிளம்பும். அக்காவுக்குக் கேம்ப்பில்தான் வீடு. நாலு தலைமுறைக்கு முன்னால் வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். பேச்சில் பாதி தமிழ், பாதி இந்தி, கோபம் வந்தால் முழு மராத்தி. நான் விமான் நகரில் ஏறுவேன். எனக்காக ஜன்னல் சீட்டில் டப்பா பையை வைத்திருப்பாள். சிக்னலில் பஸ் நிற்கும்போது ஸ்கூட்டியில் பெண்கள் வந்து நிற்பார்கள். இந்த ஊர் வழக்கப்படி முகம் முழுக்க ஸ்கார்ஃபைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள், கண் மட்டும் தெரியும்.

“கேட்டா தூசின்னு சொல்வாங்க. பாதி தூசி. மீதி, வெயில்ல கறுத்துடுவோம்னு பயம்,” என்பாள் அக்கா.

என் பையிலும் அப்படி ஒன்று இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வீட்டில் எல்லோரும் என்னை விடச் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் வரவேற்பு நடனத்துக்கு என்னை ஒரு தடவையும் எடுத்ததில்லை. திரைக்குப் பின்னால் நின்று மைக்கில் பேசுகிற வேலைதான் எனக்கு. பெரியம்மா வீட்டுக்கு வருகிறவர்களிடம் என்னை அறிமுகப்படுத்தும்போது, “கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா” என்பாள். பாராட்டாகத்தான் சொல்வாள். புனேக்கு வந்து கை நிறையச் சம்பளம் வாங்கியதும் நான் முதலில் வாங்கியது நல்ல கம்பெனி ஃபவுண்டேஷன் கிரீம். என் நிறத்தைவிட மூன்று ஷேடு தள்ளி. காலையில் அரை மணி நேரம் அதற்கே போகும். அம்மாவுடன் வீடியோ காலில் பேசினால் அதற்கு மேல் போனில் முகத்தை வெளுக்கிற பில்டர் வேறு.

பெரியம்மாவின் அந்த வாக்கியத்தை ஒரு நாள் பஸ்ஸில் அக்காவிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

“திருப்பிச் சொல்லு.”

“கறுப்பா இருந்தாலும் களையா இருப்பா.”

“நடுவுல அந்த இருந்தாலும் எதுக்கு? அதை எடுத்துட்டுச் சொல்லு.”

சொல்லிப் பார்த்தேன். எனக்கு வாய் வரவில்லை, நம்பினால் நம்புங்கள். பஸ் விஷ்ராந்த்வாடி தாண்டி திகியும் தாண்டிவிட்டது. அக்கா டப்பாவைத் திறந்து எனக்கு ஒரு தேப்லா, வெந்தயக்கீரைச் சப்பாத்தி, கொடுத்தாள்.

அவள் படம் வரைகிறவள் என்பதே எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரியும். கேம்ப்பில் பழைய கட்டடம் ஒன்றின் பின்னறை. வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து பதினோரு மணியிலிருந்து ஒரு மணி வரை வரைவாள். ஒரு மணிக்கு வெளிச்சம் மாறிவிடும், பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிடுவாள். வரைவது பெண்களை மட்டும்தான், முகத்தை மட்டும்தான். ஒவ்வொரு முகமும் கதவளவு பெரிது. உள்ளே போனதும் கதவுப் பக்கமே நின்றுவிட்டேன். அந்த நெற்றிகளும் கன்னங்களும் அவ்வளவு பெரியதாக நம்மைப் பார்க்கின்றன. எந்த முகத்திலும் ஒரே நிறம் இல்லை. கண்ணுக்குக் கீழே கத்திரிப்பூ நிறம், மூக்கோரம் செங்கல், தாடைக்கு அடியில் பச்சை. ஆனால் இரண்டடி தள்ளி நின்றால் அசல் தோல், தொட்டால் சூடாக இருக்கும் என்று தோன்றும்.

கடையில் தோல் நிறம் என்று எழுதி ஒரு டியூப் விற்கிறார்கள், ரோஜாப் பூ மாதிரி ஒரு நிறம். அக்காவும் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். அதை வைத்துக் குளியலறைக் கதவுக்குப் பெயிண்ட் அடித்திருந்தாள்.

சுவரில் ஆணி அடித்து சின்னச் சின்னத் தகர வில்லைகள் மாட்டியிருந்தாள். ஆலையில் நிறம் ஒப்பிட வைத்திருப்பார்களே, அதே மாதிரி. உட்கார வரும் ஒவ்வொருத்திக்கும் முதலில் ஒரு வில்லை தயாராகும். நிறம் கலந்து, தகரத்தில் அடித்து, காயவைத்து, அவள் கன்னத்தோடு ஒட்டிவைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து, சரி என்றால்தான் படமே தொடங்கும். வில்லைக்குப் பின்னால் பெயர் எழுதியிருக்கும். சிவப்பு, கறுப்பு, மாநிறம் என்ற வார்த்தைகளுக்கு அந்த அறையில் இடமில்லை. ஆலையில் சாம்பலுக்கு மட்டும் பதினேழு பெயர் இருக்கிறது, பெண்ணுக்கு வெறும் மூன்றா என்று கேட்பாள்.

அவள் பார்ப்பதைச் சொல்ல வேண்டும். முதல் பத்து நிமிடம் பிரஷ்ஷைத் தொடமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். ஆண்கள் பார்ப்பது நமக்குத் தெரியும், பெண் பார்க்க வருகிறவர்கள் பார்ப்பதும் தெரியும். இது அந்த ரகமே இல்லை. நல்லதா கெட்டதா என்ற கேள்வியே அதில் இருக்காது. என்ன இருக்கிறது என்று மட்டும் பார்ப்பாள். அதற்காகவே பெண்கள் வந்தார்கள். எங்கள் ஆபீஸில் ஒரு மராத்திப் பெண், பால் நிறம், பூனைக் கண். சிறு வயதிலிருந்து கோரி, கோரி, சிவப்புப் பொண்ணு என்று கேட்டே அலுத்துப்போனவள். அந்த நிறத்தைத் தாண்டி தன்னை யாரும் பார்த்ததில்லை என்று சொல்லி அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். அக்கா அவள் மூக்கு நுனிச் சிவப்பையும் சேர்த்து வரைந்தாள்.

ஒரு ஞாயிறு நான் போனபோது தான்சானியாவிலிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். விமான் நகரில் என் தெருவுக்கு அடுத்த தெரு. பதினொரு வீடு ஏறி இறங்கியிருக்கிறாள், முகத்தைப் பார்த்ததும் வாடகைக்கு இல்லை என்று பதில். அதைக்கூடச் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். என் மனதில் அப்போது வந்ததை எழுதக் கூசுகிறது. அப்பாடா, என்னைவிடக் கறுப்பாக ஒருத்தி. அரை நொடிதான். அக்கா அதைப் பார்த்துவிட்டாள். எப்படிப் பார்த்தாள் என்று கேட்காதீர்கள், அவள் தொழிலே அதுதான்.

எழுந்து வந்து எங்கள் இரண்டு பேர் கையையும் பிடித்து ஜன்னல் விளிம்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். “பாரு. அவ கையில நீலம் இருக்கு. உன் கையில செம்பு. இதுல எது ஜாஸ்தி, எது கம்மி? அரே, நீலத்தைவிடச் செம்பு எப்படி ஜாஸ்தியாகும்?” அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரியவில்லை, ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அன்றுதான் சுவரில் ஒரு புது வில்லையைப் பார்த்தேன். ஈரமான செம்மண்ணில் வெல்லப்பாகு விட்டமாதிரி ஒரு நிறம். கழற்றித் திருப்பினேன், பின்னால் பெயர் இல்லை.

“இது யாரு நெறம்க்கா? அம்புட்டு அழகா இருக்கு.”

“ஒருத்தி. இன்னும் வரல.”

சரி, அடுத்து யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

கடைசியில் என்னையும் உட்காரச் சொன்னாள். சர்ச் ஹாலில் பதினொரு படங்களை வைக்க அனுமதி கிடைத்திருந்தது, நான் பதினொன்றாவது. எப்படி வருவீங்களோ அப்படியே வாங்க என்பது அவள் விதி. எல்லோரிடமும் சொல்வதைத்தான் என்னிடமும் சொன்னாள். ஐந்து ஞாயிறு போனேன். ஐந்து ஞாயிறும் காலையில் அரை மணி நேரம் கிரீம் பூசிவிட்டுத்தான் போனேன். இவ்வளவு நடந்த பிறகுமா என்று கேட்பீர்கள். ஆமாம், இவ்வளவு நடந்த பிறகும்தான். கதவளவு பெரிய படம். ஆபீஸ் முழுக்க வந்து பார்க்கப்போகிறது. திருமங்கலத்தில் அம்மாவும் பெரியம்மாவும் வீடியோ காலில் பார்க்கக் காத்திருக்கிறார்கள். முதல் முறையாக என்னைத் திரைக்கு முன்னால் நிறுத்துகிறார்கள். அந்த ஒரு நாளாவது நான் நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு மட்டும் கன்னத்தில் வில்லை வைத்துப் பார்க்கவில்லை, அதையும் நான் கவனிக்கவில்லை. படத்தை மட்டும் காட்டவில்லை. ஹாலில் பார் என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டுப் புடவை கட்டி, மல்லிகை வைத்து, கிரீமில் ஒரு குறையும் வைக்காமல் ஒன்பது மணிக்கே ஹாலுக்குப் போய்விட்டேன். பத்து மணிக்கு ஜனங்கள் வருவார்கள். படத்துக்கு உட்கார்ந்த மற்ற பெண்கள் பூத்தொட்டி நகர்த்திக்கொண்டிருந்தார்கள். என் படம் மேடைக்குப் பக்கத்தில் ஜன்னலுக்கு எதிராக இருந்தது. ஓடிப்போய்ப் பார்த்தேன்.

நான்தான். கண், மூக்கு, பொட்டு எல்லாம் நான்தான். ஆனால் முகம் வெளுத்த சந்தன நிறம். தாடையில் ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கழுத்து வேறு நிறம், காது வேறு நிறம். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் கிரீம் திட்டாக நின்றிருக்கிறது, அதையும் விடவில்லை. என் முகத்தை இல்லை, என் கிரீமை வரைந்திருந்தாள். கதவளவு பெரியதாக.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? அசிங்கப்படுத்தத்தான் உக்கார வச்சீங்களா? இன்னும் ஒரு மணி நேரத்துல எல்லாரும் வந்துருவாங்க. எங்கம்மா கூப்புட்டா நான் என்னத்தக் காட்டுவேன்?”

“கத்தாத. நீ எதைக் கொண்டுவந்தியோ அதை வரைஞ்சேன்.”

“கழட்டுங்க. படத்தக் கீழ எறக்குங்க.”

நானே இழுத்தேன். சட்டம் சுவரிலிருந்து விலகியது. பின்னால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஹோல்டு.

“பாத்தீங்களா, நீங்களே தப்புன்னு ஒட்டியிருக்கீங்க.”

“படம் போன மாசமே பாஸ்,” என்றாள் அக்கா. “இந்தத் தடவ படம் சரி. பொண்ணுதான் ஹோல்டு.”

பூத்தொட்டிகள் நின்ற இடத்திலேயே நின்றன. மற்ற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தான்சானியாப் பெண் மெதுவாக என் பக்கத்தில் வந்து நின்றாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது. கன்னத்தில் அது எந்த வழியாக இறங்கியதோ அந்த வழியெல்லாம் கோடு விழுந்திருக்கும், எனக்குத் தெரியும்.

அக்கா பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். அதைப் பெயிண்ட் கரைக்கும் டர்பன்டைனில் நனைத்து என் கையில் கொடுத்தாள். “மேல இருக்கிற பூச்சு முந்தாநாள் அடிச்சது, இன்னும் காயல. அடியில இருக்கிறது ஒரு மாசம் காஞ்சது, அது வராது. துடைக்கணும்னா துடை. வேணாம்னா அப்படியே விடு. ரெண்டுமே நீதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது இருபது. துணியைப் படத்தின் கன்னத்து மேல் வைத்து ஒரு இழு இழுத்தேன். சந்தன நிறம் துணியோடு வந்துவிட்டது. அடியில் ஒரு கன்னம் இருந்தது. நான் நிறுத்தவில்லை. நெற்றி, மூக்கு, மேலுதடு. துணி மாற்றித் துணி மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். யாரோ ஜன்னல் கதவை இன்னும் அகலத் திறந்தார்கள். ஒரு முகம் வந்துகொண்டே இருந்தது, கழுத்தோடு சேர்ந்து, காதோடு சேர்ந்து, ஒரே ஆளாக. அந்தக் கன்னத்தில் ஈரம் மின்னியது. எனக்குப் புரிந்துவிட்டது. ஜூலையில் ஒரு மழை நாள், ஆலை வழியில் மோஷி நெரிசலில் பஸ் ஒரு மணி நேரம் நின்றது. ஜன்னல் ஒழுகி என் முகமெல்லாம் நனைந்து, கிரீமெல்லாம் போகத் துப்பட்டாவால் அழுந்தத் துடைத்துக்கொண்டேன். அன்று அக்கா நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டே இருந்தாள். மழையைப் பார்க்கிறாள் என்றல்லவா நினைத்தேன். நான் உட்காருவதற்கு முன்னாலேயே அந்த முகத்தை வரைந்து வைத்திருக்கிறாள்.

முழுவதும் துடைத்து முடித்தபோது மராத்திப் பெண் ஒருமுறை கை தட்டினாள், பிறகு எல்லோரும் தட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கு நடுவே என்னால் நிற்க முடியவில்லை. அந்த முகத்துக்குப் பக்கத்தில் இந்தக் கிரீமோடு எப்படி நிற்பது? இப்போது பொருந்தாதவள் நான்தான். ஹாலுக்குப் பின்னால் இருந்த குழாய்க்குப் போனேன். அரை மணி நேரம் பூசியது அரை நிமிடத்தில் போய்விட்டது. புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். வெறும் முகத்தோடு அந்தப் பத்துப் பெண்களின் நடுவே நடந்து வருவதுதான் பெரிய பாடாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அக்கா என்னை ஜன்னலோரம் நிறுத்தினாள். பையில் கையை விட்டு ஒரு தகர வில்லையை எடுத்தாள். படத்தின் கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு என் கன்னத்தோடு ஒட்டிவைத்தாள். தகரம் சில்லென்று இருந்தது. அவசரமே இல்லாமல் பார்த்தாள். கண்ணைத் தாழ்த்தி நானும் பார்த்தேன். ஈரமான செம்மண், வெல்லப்பாகு.

“அக்கா, இது அன்னிக்கு நான் கேட்டேன்ல, யாரு நெறம்னு.”

“ஆமா. இன்னும் வரலன்னு சொன்னேன்.” படத்தின் பின்னால் இருந்த சிவப்பு ஸ்டிக்கரை நகத்தால் கிள்ளி எடுத்துவிட்டுப் பச்சையை ஒட்டினாள். “வந்துட்டா.”

என் போன் அடித்தது. அம்மா. வீடியோ கால். எடுக்கப் போனவள் நின்றுவிட்டேன். பில்டர் எப்போதும் ஆனிலேயே கிடந்ததால் அதை எங்கே அணைப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. அக்காதான் போனை வாங்கிப் பில்டரை அணைத்துக் கொடுத்தாள்.